டாக்டர் என்று கூப்பிட்ட நாள்

மாட்டு டாக்டர் வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரானாலும் கையைக் காட்டிவிடுவார்கள். ஆனால் படியேறிப் போய், "மாட்டு டாக்டர் இருக்காங்களா?" என்று கேட்டால் மட்டும், தையல் மிஷினில் இருந்து தலையைத் தூக்காமலே ஒரு பதில் வரும்.

"டாக்டர் இருக்கா. மாடு எதுவும் இங்கே இல்லை."

சொல்கிறவள் டாக்டரின் அம்மா. நாக்கு அப்படி. மனசு அப்படியில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மனசும் கொஞ்சம் அப்படித்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. புருஷன் கண்ணை மூடியபோது மகளுக்குப் பால் பல்கூட விழவில்லை. ஊரார் சட்டைக்கும் பாவாடைக்கும் மிஷினை மிதித்து மிதித்தே அவளைப் படிக்க வைத்தாள். வயிறு காய்ந்தாலும் பிள்ளை டாக்டராகணும் என்று ஒரே பிடிவாதம். பிள்ளையும் படிப்பில் சும்மா சொல்லக்கூடாது, கெட்டி. மனுஷ வைத்தியம் படிக்க இடம் தேடி வந்தது. அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாட்டு வைத்தியத்துக்குப் போனாள்.

எல்லாம் பின்கட்டில் இருந்த பால்காரர் மாட்டினால் வந்தது. ஒரு சாயங்காலம் மாட்டுக்கு வலி எடுத்துக் கன்று வெளியே வரவில்லை. முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கிக் கிடந்திருக்கிறது. வந்த வைத்தியர் சட்டையைக் கழற்றி, தோள் வரை சோப்பு போட்டுக்கொண்டு, ஈரத் தரையிலேயே குப்புறப் படுத்தார். டார்ச் பிடிக்க ஆள் இல்லாமல் இந்தப் பெண் பிடித்தாள். அவள் மாட்டைப் பார்க்கவில்லை. அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு கையாலேயே உள்ளே தேடுகிற முகத்தைப் பார்த்தாள். கால் நிமிர்ந்து கன்று வழுக்கி விழுந்து தும்மியபோது அவள் அழுதுவிட்டாள். அன்றைக்கே முடிவாகிவிட்டது. வாய் திறந்து அம்மாவிடம் சொல்லத்தான் வருஷங்கள் ஆயின.

"கிடைச்சதைத் தூக்கிப் போட்டுட்டு, சாணி அள்ளப் போறியா?" என்றாள் அம்மா.

"சாணி அள்ளலைம்மா. வைத்தியம் பார்க்கப் போறேன்."

"ரெண்டும் ஒரே இடத்துலதானே நடக்குது!"

அம்மா மிஷினுக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் துணி தைக்க வருகிறவர்களிடம், "பொண்ணு டாக்டருக்குப் படிக்கிறா" என்று மட்டும் சொல்வாள். எந்த டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. லீவுக்கு மகள் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஒரு மாத்திரை சொல்லேன்மா."

"ஆன்ட்டி, நான் படிக்கிறது மாட்டுக்கு. உங்களுக்கு நான் மருந்து சொன்னா நீங்க பால்தான் குடுக்கணும்" என்று இவள் சிரித்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரியும் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. மிஷின் மட்டும் கடகடவென்று வேகமாக ஓடியது.

மகள் படித்து முடித்தாள், கடைத்தெரு முனையில் சின்னதாக ஆஸ்பத்திரி வைத்தாள். ஒரு அறை, தகரம் போட்ட மேஜை, வாசலில் ஒரு பெஞ்சு. கல்யாணப் பேச்சு வந்தது, போனது. வந்த ஒருத்தன், "கைய நல்லா கழுவுவாங்கல்ல?" என்று கேட்டதோடு அம்மாவே அவனை எழுப்பி அனுப்பிவிட்டாள். திட்டுகிற உரிமை தனக்கு மட்டும்தான் என்று நினைத்தாளோ என்னவோ. அப்புறம் அம்மாவும் மகளும் அப்படியே இருந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போவார்கள். படத்தில் குதிரை விழுந்தால், "உன் ஆளு விழுந்துட்டான் பாரு" என்று அம்மா முழங்கையால் இடிப்பாள். மகளுக்கு வேலைக்குப் போடுகிற கெட்டித் துணி மேலங்கி எல்லாம் அம்மா தைத்ததுதான், தோள்பட்டையில் இரட்டைத் தையல் போட்டு. ஆனால் ஒருநாள்கூட அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. மகளை டாக்டர் என்று அவள் முகத்துக்கு நேரே கூப்பிட்டதும் இல்லை.

அந்த ஒரு வார்த்தைக்கு மகள் எத்தனை ஏங்கினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். தலைமுடி நரைக்கிற வயசில் இதற்கா ஏங்குவது என்று கேட்கக்கூடாது. ஏங்குகிறவளுக்கு வயசு ஏது?

அப்படி இருக்கையில் ஒருநாள் காலை ஆஸ்பத்திரியில் கூட்டம். உதவிக்கு இருந்த நெட்டையன் வெளியே எட்டிப் பார்த்து, "அடுத்தது யாரு, வாங்க" என்றான். உள்ளே வந்தது அம்மா. ஆட்டோடு உட்கார்ந்திருந்த ஒருத்தர், "நான்தான் முன்னாடி வந்தேன்" என்று முணுமுணுத்தார்.

"என் ஜீவனுக்கும் அவசரம்தான், உட்காருங்க" என்று அவரை அடக்கிவிட்டு, அம்மா முக்காலியில் உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"டாக்டர், கொஞ்ச நாளா சாப்பாடு இறங்கலை. இங்கே என்னமோ கல்லு மாதிரி அழுத்துது."

மகளுக்குக் காதில் விழுந்தது முதல் வார்த்தை மட்டும்தான். சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. அம்மா காட்டிய இடத்தில் விரலால் அழுத்திப் பார்த்தாள். மாட்டு வயிறு தெரியும், நாய் வயிறு தெரியும். மனுஷி வயிற்றில் விரல் எதைத் தேட வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

"வாயுத் தொல்லைதாம்மா. வேற ஒண்ணுமில்லை" என்று, தான் போட்டுக்கொள்ள வைத்திருந்த நெஞ்செரிச்சல் மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள்.

"டாக்டரே சொல்லியாச்சு" என்று அம்மா ஆட்டுக்காரர் முன்னால் நிமிர்ந்து நடந்து போனாள்.

வலி போகவில்லை. "பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒருதரம் போய்க் காட்டிட்டு வந்துடலாம்மா" என்று மகள் மெல்ல ஆரம்பிப்பாள்.

"ஏன், நீ பார்த்தது போதாதா? உனக்கு மேல அங்கே யாரு இருக்கா?"

எனக்கு இது தெரியாதும்மா என்று மகள் சொன்னால் முடிந்தது. சொன்னால் அந்த வார்த்தையைத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமே! இத்தனை வருஷம் காத்திருந்து வாங்கியது. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று இன்னொரு மாத்திரை கொடுத்தாள். முட்டாள்தனம்தான். யார் வந்து சமாதானம் சொன்னாலும் முட்டாள்தனம்தான்.

ஒரு மத்தியானம் சாப்பிட வந்தவள், மிஷினுக்கடியில் நீளநீளமாக வெட்டிய துணித் துண்டுகள் கிடப்பதைப் பார்த்தாள். பச்சை, கத்தரிப்பூ நிறம், சின்னப் புள்ளி போட்டது. எல்லாம் அம்மாவின் சட்டைத் துணி. அம்மா தன் சட்டைகளைப் பிடித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், உடம்பு வற்ற வற்ற. அதனால்தான் எதுவும் தொளதொளவென்று தெரியவில்லை. மகள் குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். அம்மா கையைப் பிடித்து ஸ்கூட்டரில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்கேன் படங்களை விளக்கில் பிடித்துப் பார்த்தார். "நீங்களும் டாக்டராமே? இவ்வளவு நாள் எப்படி விட்டீங்க?"

"அவளை ஏன் கேக்கறீங்க? நான்தான் வரமாட்டேன்னேன்" என்று கட்டிலில் இருந்து அம்மா அதட்டினாள். அதட்டக்கூட மூச்சு போதவில்லை.

வயிற்றில் கட்டி, அறுப்பதற்கெல்லாம் காலம் கடந்துவிட்டது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் தன் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு அம்மா பக்கத்திலேயே கிடந்தாள். ஒருநாள் உடம்பைத் துடைத்துவிடும்போது அடக்க முடியாமல் கொட்டிவிட்டாள்.

"அம்மா, அன்னிக்கு எனக்குத் தெரியலைம்மா. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்டி. அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன். அங்கே போனா என்ன சொல்லுவாங்கன்னு பயம்."

அப்படியென்றால் டாக்டர் என்று கூப்பிட்டது? அதுவும் பயத்தினாலா, இல்லை மனசாரவா? கேள்வி தொண்டை வரை வந்தது. ஒரு வாய் தண்ணீர் விழுங்கவே பாடுபடுகிறவளிடம் இதையா கேட்பாள்? ஈரத்துணியைப் பிழிந்து நெற்றியில் போட்டாள். அந்த வாரமே அம்மா போய்விட்டாள். கேள்வி இவளிடமே தங்கிவிட்டது.

சுற்றத்தார் எல்லாம் கலைந்த பிறகு நெட்டையன் வந்து நின்றான். ஒரு அம்மாவின் சினை மாடு எழுந்திருக்க மாட்டேன் என்கிறதாம். போனாள். மாடு கழுத்தை மடக்கிக் கிடந்தது. காது சில்லிட்டிருந்தது. நரம்பைத் தேடி மருந்தை மெல்ல மெல்ல ஏற்றினாள். மாட்டுக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"பொழைச்சுடுமா டாக்டர்?"

"தெரியலைம்மா."

"என்னது, தெரியலையா?"

"எனக்குத் தெரியலை. பார்க்கிறதைப் பார்த்துட்டேன். இதுக்கு மேலன்னா கல்லூரி ஆஸ்பத்திரியில பெரியவர் ஒருத்தர் இருக்கார், இப்பவே கூப்பிட்டு விடறேன்."

"தெரியலைன்னு சொல்ற டாக்டரை இப்பத்தான் பார்க்கறேன்" என்றாள் அவள், குறையாகச் சொன்னாளோ நிறைவாகச் சொன்னாளோ.

டாக்டர் நெட்டையனைப் போன் போடச் சொல்லிவிட்டு, மாட்டின் வயிற்றோடு கையை வைத்துக்கொண்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள்.