வல்லை வெளியிலை ஏறின பாரம்

எனக்குப் பேய், பிசாசு, முனி ஒண்டிலும் நம்பிக்கை இல்லை, முதல்லை அதைச் சொல்லிப்போடுறன். உடுப்பிட்டியிலை இருபத்திரண்டு வருசமாய்க் கணக்குப் படிப்பிக்கிறன், வகுப்பிலை பேய்க்கதை கதைக்கிற பிள்ளையளை எழுப்பி நிப்பாட்டி ஏசுற ஆள் நான். நீங்கள் "கரண்ட் கார் வாங்கப் போறன், உங்கடை கார் எப்பிடி ரீச்சர்" எண்டு கேட்டதாலைதான் இதைச் சொல்ல வேண்டிக் கிடக்கு. கார் நல்ல கார், பெற்றரியும் பிழையில்லை. ஆனால் ஒரு நாள் அது எனக்குச் செய்த வேலையைக் கேட்டிட்டு, ரீச்சருக்கு விசர் எண்டு நீங்கள் நினைச்சாலும் பரவாயில்லை.

போன மாரி, அடைமழை. விடிய வெள்ளன போன கரண்ட் மத்தியானம் தாண்டியும் வரேல்லை, அதாலை கார் சாச் ஏறாமல் கிடந்தது. ரெண்டரைக்கு மச்சாள், என்ரை தம்பியின்ரை பெண்சாதி, அழுதுகொண்டு ஃபோன் எடுக்கிறா. தம்பி உரும்பிராயிலை மோட்டச்சைக்கிளிலை போகேக்கை உழவு மெசினோடை அடிபட்டிட்டான், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலை கிடக்கிறான், வயித்துக்குள்ளை ரத்தம் கசியுது, இரவைக்கு ஒப்பரேசன். அவனுக்கு ஓ நெகட்டிவ். லேசிலை கிடைக்காத ரத்தம், எங்கடை குடும்பத்திலை அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் அது. ரெண்டு பை வேணுமாம், நாலரைக்கு முன்னம் ஆள் வந்தால்தான் ரெஸ்ற் பண்ணி எடுக்கலாமாம். ஒண்டுக்கு நான் இருக்கிறன், மற்றதுக்கு மச்சாள் முகநூலிலை எல்லாம் போட்டுக் கெஞ்சிக்கொண்டு இருக்கிறா. அம்மா அப்பா போனாப் பிறகு எனக்கெண்டு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். கலியாணம் கட்டாத எனக்குப் பிள்ளையும் அவன்தான்.

கார் மீற்றர் இன்னும் அறுபத்திமூண்டு கிலோமீற்றர் ஓடும் எண்டு காட்டினது. ஆஸ்பத்திரி முப்பதுக்குள்ளை. கணக்கு ரீச்சருக்கு உது காணாதோ? கைப்பையைப் பின்சீற்றிலை எறிஞ்சிட்டு வெளிக்கிட்டன். எனக்குப் பக்கத்து முன்சீற்றிலை ஒரு துரும்பும் இல்லை, அதை நினைவிலை வைச்சிருங்கோ.

வல்லை வெளி தெரியும்தானே, ரெண்டு பக்கமும் தண்ணியும் உவர்த்தரையும், ஒரு வீடு வாசல் இல்லை. அதுக்குள்ளை முனியப்பர் கோயில். வான்காரர், பஸ்காரர் எல்லாரும் நிப்பாட்டித் திருநீறு பூசிக்கொண்டுதான் போவினம். நான் ஒரு நாளும் நிப்பாட்டினதில்லை, அண்டைக்கும் நிப்பாட்டேல்லை. கோயிலைத் தாண்டினதுதான், முன்சீற்றுப் பெல்ற் போடேல்லை எண்டு கார் டிங் டிங் எண்டு அடிக்கத் தொடங்கிட்டுது. அந்தச் சீற்றிலை பாரம் இருந்தால்தான் அது அடிக்கும். மழை ஈரத்துக்கு வயர் ஏதும் பிழைச்சிருக்கும் எண்டு விட்டிட்டன். பேந்து மீற்றரைப் பார்க்கிறன், ஐம்பத்தெட்டு நிண்ட இடத்திலை நாப்பது. கண் வெட்டி முழிக்க முப்பத்தொண்டு. பேந்து பதினெட்டு.

எதிர்க்காத்து, அதுதான் இழுக்குது எண்டு எனக்கு நானே பாடம் எடுத்துக்கொண்டு ஏசியை நிப்பாட்டினன். கண்ணாடி முழுக்க ஆவி படிஞ்சு புகார் மூடிட்டுது. ஒரு கையாலை ஸ்ரியறிங், மற்றக் கையாலை சீலைத் தலைப்பாலை துடைக்கிறன், துடைக்கத் துடைக்க மூடுது. ஒன்பது, ஆறு, பேந்து இலக்கமே இல்லை, வெறும் கோடு. கடைசியாய் அந்த ஆமை லைற் பத்திச்சுது. ஆமை வந்தால் கார் சாகப்போகுது எண்டு அர்த்தம். எவ்வளவு மிதிச்சாலும் நடக்கிற வேகம்தான், ஆறேழு பேரை ஏத்தின மாதிரிப் பாரம். டிங் டிங் மட்டும் நிக்கேல்லை.

ஓரமாய் விட்டிட்டு இறங்கி மழைக்குள்ளை கையைக் காட்டினன். ஒரு பஸ் தண்ணியை அடிச்சுக்கொண்டு போச்சுது, ஒரு லொறி போச்சுது, மழைப் புகாருக்குள்ளை என்னைக் கண்டிருக்கவும் மாட்டினம். ஓட்டோக்காரனுக்கு ஃபோன் அடிச்சுப் பார்த்தன், வெள்ளம் ரீச்சர், ஒரு மணித்தியாலம் செல்லும் எண்டான். மூண்டரை ஆகுது. அந்த நேரம் பார்த்து மச்சாள் எடுக்கிறா. "அக்கா, எங்கை நிக்கிறியள்? அவருக்குப் பிறஷர் இறங்குதாம், கெதியாய் வாங்கோ." வாறன், வாறன் எண்டு சொல்லிப்போட்டு வைச்சன்.

காருக்குள்ளை ஏறி இருந்து குழறி அழுதன். சொல்ல வெக்கமாய்க் கிடக்கு, திரும்பி முனியப்பரைப் பார்த்து நூறு தேங்காய் உடைக்கிறன் எண்டும் நேந்தன். தலைக்கு மேலை வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன. ஒண்டும் நடக்கேல்லை. உந்தச் சனியன் பிடிச்ச சத்தம் மட்டும் காதுக்குள்ளை இடிச்சுக்கொண்டே நிக்குது. அப்ப எனக்கு என்ன வந்ததோ தெரியாது, எட்டி அந்த வெறும் சீற்றுக்குப் பெல்ற்றை இழுத்து மாட்டினன். மாட்டேக்கை, சத்தியமாய்ச் சொல்லுறன், பெல்ற் சீற்றோடை ஒட்டேல்லை. ஒரு ஆளின்ரை நெஞ்சளவுக்கு முன்னுக்கே நிண்டுது. கையை வெடுக்கெண்டு எடுத்திட்டன். பயத்திலும் பார்க்க, கெதியாய்ப் போய்ச் சேரவேணும் எண்ட அந்தரம்தான் பெரிசாய் இருந்தது. அந்த வெறும் சீற்றைப் பார்த்துக் கதைச்சன்.

"நான் தம்பிக்கு ரத்தம் குடுக்கப் போறன். நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது. வாறதெண்டால் வாங்கோ, ஆனால் பாரமாய் இராதேங்கோ."

சத்தம் நிண்டிட்டுது. ஆமை அணைஞ்சுது. மீற்றரிலை நாப்பத்தொண்டு. நம்பினால் நம்புங்கோ, நம்பாட்டி விடுங்கோ, வல்லையிலை இருந்து ஆஸ்பத்திரி வாசல் மட்டும் அந்த நாப்பத்தொண்டு ஒண்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் இடப்பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

நாலு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தன். ரத்தம் எடுத்து முடிய, அங்கை வேலை செய்யிற ஒரு அக்கா பாலும் பிஸ்கற்றும் கொண்டுவந்து தந்தா. மற்றப் பைக்கு ஆள் கிடைச்சுதோ எண்டு கேட்டன். "ஓம், உங்களோடை வந்தவர்தானே குடுத்திட்டுப் போறார்," எண்டா. நான் தனிய வந்தனான் எண்டன். "இல்லையே, உங்கடை காரிலைதான் வந்தனான் எண்டு சொன்னவர். கதையாத பொடியன், நல்ல உயரம்." பாலைக் கீழை வைச்சன். முகநூலிலை பார்த்து வந்த ஆரோ பிள்ளை, அந்த அக்கா மாறி விளங்கியிருக்கிறா எண்டு மனசைத் தேற்றினன். பிறகு பேர் கேட்டுப் பார்த்தன், ரத்தம் குடுத்தவையின்ரை விபரம் சொல்லேலாது எண்டிட்டினம். அது முறைதானே.

ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சு தம்பி தப்பிட்டான். அண்டைக்கு நான் காருக்குத் திரும்பி வந்து பார்த்தால், நான் மாட்டின பெல்ற் கழட்டினபடி கிடந்தது. பூட்டின கார், திறப்பு என்ரை கைப்பைக்குள்ளை. பேந்து கொக்குவிலிலை ஒரு கராச்சிலை ரெண்டு நாள் விட்டுப் பார்த்தன். பெற்றரியும் சரி, சீற்று வயரும் சரி, இந்தக் காருக்கு ஒரு பிழையும் இல்லை ரீச்சர் எண்டு தந்தாங்கள். நூறு தேங்காயும் உடைச்சிட்டன், உடைக்காமல் விடத் துணிவில்லை.

காரிலை நடந்ததைப் பற்றியோ அவனுக்கு ஏத்தின மற்றப் பை ரத்தத்தைப் பற்றியோ தம்பிக்கு நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை, மச்சாளுக்கும் சொல்லேல்லை. அவன் இப்ப சுகமாகி, திரும்பவும் மோட்டச்சைக்கிள் ஓடுறான். போன மாசம் என்னைப் பார்க்க வந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கேக்கை அவனாய்ச் சொல்லுறான், வல்லை வெளி வந்தால் மட்டும் சைக்கிள் பாரமாய் இழுக்குதாம், பின்னாலை ஆரோ ஏறி இருக்கிற மாதிரி. ரயருக்குக் காத்துக் காணாதாக்கும் எண்டன். காத்தெல்லாம் பார்த்திட்டானாம்.

"பயமொண்டும் இல்லை அக்கா," எண்டு சிரிக்கிறான். "எங்கடை ஆள் ஆரோ மாதிரித்தான் கிடக்கு."