பட்டியலில் இல்லாத அறிஞர்

2011ஆம் ஆண்டு, முப்பத்தெட்டு வயதில், நான் மறுபடியும் மாணவியானேன். சிட்னியில், வெஸ்ட்மீடில் ஒரு மருத்துவமனையில் வார்டு எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சமூகவியல் படித்தேன். அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று உறவினர்கள் கேட்டபோது கணவர் என்னைப் பார்த்தார். எனக்கும் பதில் தெரியாது. பள்ளியின் கடைசி உயர்தரப் பரீட்சை எழுதாமலே ஊரை விட்டு வந்தவள் நான். எதையாவது ஒன்றை முழுதாகப் படித்து முடிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் இருபது வருடமாகப் போகாமல் கிடந்தது.

முதல் வாரமே விரிவுரையாளர் ஒரு தாளைக் கொடுத்தார். சமூகவியலை உருவாக்கிய சிந்தனையாளர்களின் பட்டியல். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, அதில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, வகுப்பின் முன் இருபது நிமிடம் பேச வேண்டும். நான் அதை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தேன். எல்லாரும் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சேர்ந்தவர்கள். ஆக மூத்தவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் எங்கள் பள்ளிவாசல் மண்டபத்தில் ஒருவர் பேசக் கேட்டிருந்தேன். பதினான்காம் நூற்றாண்டில் துனிஸில் பிறந்த ஓர் அரபு அறிஞர்தான் சமூகவியலின் தந்தை என்றும், ஐரோப்பியர்கள் எல்லாவற்றையும் அவரிடமிருந்து திருடிக்கொண்டு பெயரை மறைத்துவிட்டார்கள் என்றும் அவர் முழங்கினார். நாங்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டோம். அந்தத் துணிச்சலில் வகுப்பில் கையை உயர்த்தி, அந்த அறிஞர் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை என்று கேட்டேன். என் ஆங்கிலம் நடுங்கியது.

விரிவுரையாளர் மழுப்பவில்லை. அந்த அறிஞரை அடிக்குறிப்புகளில் பார்த்ததோடு சரி, தான் படித்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு, நீங்களே அவரைப் பற்றிப் பேசுங்கள், ஏன் இங்கே இருக்க வேண்டும் என்று எங்களுக்கு நிரூபியுங்கள் என்றார். மாட்டிக்கொண்டேன் என்றுதான் அப்போது தோன்றியது.

வகுப்பு முடிந்து வெளியே நின்று கணவருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்ததும், என் பேச்சு காதில் விழுந்து, அதே வகுப்பில் படிக்கும் என் வயதுள்ள ஒரு பெண் அருகில் வந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக இருப்பதாகவும் ஹோம்புஷில் குடியிருப்பதாகவும் சொன்னார்.

"உங்கட கதையைக் கேட்டா யாழ்ப்பாணம் மாதிரி இருக்கு" என்றார்.

ஓம் என்றேன். அவர் என் தலையில் இருந்த முக்காட்டைப் பார்த்தார். நான் அவர் நெற்றியில் இருந்த பொட்டைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்து முஸ்லிம், இந்த வயது என்றால் மிச்சத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1990 அக்டோபரில் ஆயுதத்தோடு வந்த தமிழ் இயக்கத்தினர் எங்கள் தெருக்களில் ஒலிபெருக்கி வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார்கள். நான் பாடசாலைச் சீருடையோடு கிளம்பினேன். அவர் அந்த ஊரிலேயே இருந்திருப்பார்.  தனக்கு இன்னும் கூட்டாளி கிடைக்கவில்லை, என்னோடு சேர்ந்து செய்யலாமா என்று மட்டும் கேட்டார்.

வாரம் ஒரு முறை, வேலை முடிந்து ஹோம்புஷில் ஒரு தோசைக் கடையில் சந்தித்தோம். நூலகத்திலிருந்து அந்த அறிஞரின் பெரிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்து, பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டோம். நான் ஒரு வாரத்துக்குள் என் பங்கை எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். தந்தை, திருட்டு, மறைப்பு எல்லாம் அதில் இருந்தன. தாதி தேநீரைத் தள்ளி வைத்துவிட்டுப் பொறுமையாகப் படித்தார்.

"எல்லாரும் இவரிட்டத் திருடினவை எண்டு எழுதியிருக்கிறியள். ஆர் சொன்னது?"

மண்டபத்தில் கேட்டதைச் சொன்னேன்.

"அப்ப இந்த மனுசனே உங்களுக்கு மார்க்ஸ் போடமாட்டார்" என்று சிரித்துவிட்டு, தன் பங்கிலிருந்து ஒரு பக்கத்தைக் காட்டினார்.

வரலாறு எழுதுகிறவர்கள் ஏன் பொய்யை நம்புகிறார்கள் என்று அந்த இடத்தில் அந்த அறிஞர் காரணங்களை அடுக்கியிருந்தார். முதல் காரணமே, தன் கட்சி, தன் கொள்கை என்ற பற்று. நமக்குப் பிடித்த செய்தி காதில் விழுந்தால் சோதிக்காமல் வாங்கிக்கொள்வோம் என்பது அவர் வாதம். பழைய நூல்களில் இத்தனை லட்சம் வீரர்கள் கொண்ட படை என்று இருந்தால், அத்தனை பேரும் நிற்க நிலம் வேண்டாமா, ஒரு முனையில் நடப்பது மறு முனைக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார். எனக்கு முகம் சுட்டது. நான் யாருக்காக வாதாட வந்தேனோ அவரே என் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

கோபத்தில் இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மருத்துவமனையில் மதிய இடைவேளையில் முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை பெருமைக்காக அல்லாமல், அந்த மனிதர் என்னதான் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ளப் படித்தேன். இளம் வயதில் கொள்ளைநோயில் பெற்றோரை இழந்தவர். அரசவைகளில் வேலை பார்த்தவர், சிறைக்கும் போனவர். பின்னாளில் அவரிடம் வந்து சேரக் கப்பலேறிய குடும்பம் கடலில் மூழ்கியது. இத்தனைக்கும் நடுவில், அரசர்களின் கதையைச் சொல்வதோடு நிற்காமல், மனிதர்கள் ஏன் கூட்டமாக வாழ்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள், ஒரு நகரம் எப்படிச் செழித்து எப்படி நலிகிறது என்பதற்கெல்லாம் காரணம் தேடினார். இது புதிய அறிவுத்துறை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவரை யாருமே படிக்காமல் இல்லை. துருக்கிய வரலாற்றாசிரியர்கள் படித்தார்கள். பிறகு ஐரோப்பியர்களும் மொழிபெயர்த்தார்கள். திருட்டுக்குச் சான்று எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் எங்கள் பாடப்புத்தகம் அவரை இரண்டு வரியில் கடந்து போயிருந்தது. அந்த இரண்டு வரி போதாது என்று நிரூபித்தால் போதும் என்று முடிவு செய்தேன்.

அடுத்த சந்திப்பில் ஒரே ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டோம். அஸபிய்யா என்று அந்த அறிஞர் ஒன்றைச் சொல்கிறார். ஒரு கூட்டத்தை ஒருவருக்காக ஒருவர் சாக வைக்கிற பிணைப்பு அது. கடினமான பாலைவன வாழ்க்கையில் அது உரமேறும்; அந்த வலுவில் நகரத்தைப் பிடிப்பார்கள்; நகரத்துச் சொகுசில் சில தலைமுறைக்குள் அது கரையும்; அப்போது வெளியிலிருந்து இன்னொரு கூட்டம் வரும். ஆங்கிலத்தில் விளக்குவதற்கு முன் தமிழில் எங்களுக்குப் புரிய வேண்டும் என்று தாதி பிடிவாதமாக இருந்தார். இனப்பற்று என்றேன். போதாது என்றார். ஒற்றுமை என்றேன். அது பள்ளிக்கூடக் கட்டுரைச் சொல் என்றார்.

பிறகு தானே, "எங்கட ஆக்கள் எண்டு சொல்லுறம் பாருங்கோ, அதுதான்" என்றார்.

சரியான சொல்தான். ஆனால் சொன்ன கையோடு அவர் முகம் மாறிவிட்டது. கடைக்காரர் வந்து வேறென்ன வேண்டும் என்று கேட்டார். தாதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைக்காரர் போன பிறகு சொன்னார்.

"உங்கட ஆக்கள் நடந்து போகேக்க நான் யன்னலால பாத்துக்கொண்டு நிண்டனான். அம்மா கதவைப் பூட்டிப்போட்டா. ஒருத்தரும் வெளியில வரேல்ல. எங்கட ஆக்கள்தானே செய்யினம் எண்டு பேசாமல் இருந்தம்."

 இருபத்தொரு வருடத்தில் அங்கேயே வாழ்ந்த ஒருவர் என்னிடம் இதைச் சொன்னது அதுதான் முதல் முறை. மன்னிப்பு என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. போரின் கடைசி மாதங்களில், 2009இல், அவர் தம்பி காணாமல் போனதை அன்றைக்குத்தான் சொன்னார். அந்த நாட்களில் சிட்னியில் தமிழர்கள் தெருவில் இறங்கி அழுதபோது, நான் நார்த்மீடில் வீட்டில் இருந்து தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, ஆனால் போய் நிற்கக் கால் வரவில்லை. அதை அவரிடம் சொன்னேன்.

"அப்ப நீங்களும் யன்னலாலதான் பாத்திருக்கிறியள்" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை.

அன்றைக்கு எங்கள் பாடம் நடக்கவில்லை. ஆனால் எங்கள் உரையின் நடுப்பகுதி அங்கேதான் உருவானது. அந்தப் பிணைப்பு ஒரு கூட்டத்துக்கு வலுவைக் கொடுக்கிறது, அதே வலு அடுத்த வீட்டுக்காரரைக் கதவுக்கு வெளியே நிறுத்தவும் செய்கிறது என்று எங்கள் பக்கத்திலிருந்து சேர்த்தோம். நூலில் இன்னொன்றையும் கண்டுபிடித்தோம். அந்தப் பிணைப்பு இரத்த உறவால் மட்டும் வருவதில்லை, கூடி வாழ்வதாலும் ஒருவரை ஒருவர் சார்ந்திருப்பதாலும் உண்டாகும் என்கிறார். அதைப் படித்ததும் தாதி பென்சிலால் அடிக்கோடு போட்டுவிட்டார். நூலகப் புத்தகம் என்று நான் பதறி அழிக்க, அவர் சிரித்தார்.

உரையின் முதற்பாதியை நான் செய்தேன், பிற்பாதியை அவர். சொல்லலாமா என்று என்னிடம் முன்பே கேட்டுக்கொண்டு, அந்த யன்னல் கதையையும் அவர் சுருக்கமாகச் சொன்னார்.  முடிந்ததும் விரிவுரையாளர் உடனே பாராட்டவில்லை. அந்த அறிஞரின் விதி ஒரு குறிப்பிட்ட நிலத்துக்கும் காலத்துக்கும் மட்டும்தானே பொருந்தும் என்று கேட்டார். ஒருவேளை அப்படித்தான், பட்டியலில் உள்ள மற்றவர்களுக்கும் அதே கேள்வியைக் கேட்கலாமே என்றேன். அவர் புன்னகைத்துக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டார்.

என்ன எழுதினார் என்பது அடுத்த ஆண்டுதான் தெரிந்தது. புதிய மாணவர்களுக்கான பாடத்திட்டத்தில் இரண்டாம் வாரம் முழுதும் அந்த அறிஞருக்கு என்று ஒதுக்கியிருந்தார். எங்கள் இருவரையும் வந்து பேசச் சொன்னார். போனோம். பேசி முடித்ததும், முன் வரிசையில் இருந்த ஒரு லெபனானியப் பெண் எழுந்து, நகரத்து வாழ்க்கை பிணைப்பைக் கரைக்கும் என்று அந்த அறிஞர் சொன்னது தவறு என்றாள். தன் பெற்றோர் கிராமத்தில் பேசாமல் இருந்தவர்களோடு இங்கே நகரத்தில், பரமட்டாவில்தான் உறவானார்கள் என்று உதாரணம் சொன்னாள். நான் அவருக்காக வாதாடினேன். அவள் விடவில்லை. பின்னால் இருந்த இரண்டு பேர் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். வகுப்பு நேரம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

ரயிலில் திரும்பும்போது எனக்கு விளங்காத ஒரு மகிழ்ச்சி. மண்டபத்தில் நாங்கள் அவரைப் போற்றியபோது அவரோடு யாரும் சண்டை பிடிக்கவில்லை. இன்றைக்குத்தான் அவரை உண்மையில் படித்துச் சண்டை பிடித்திருக்கிறார்கள் என்று தாதியிடம் சொன்னேன். அவர் என் பேச்சைப் பாதியில் நிறுத்தி, அந்தப் பிள்ளை சொன்னதுதான் சரி என்று தனக்குப் படுகிறது என்றார். இல்லை என்று நான் தொடங்கினேன். ஹோம்புஷ் வந்து, அவர் இறங்குகிற வரைக்கும் விவாதம் முடியவில்லை.