மேகத்துக்குப் பயப்படும் டீச்சர்

சாயங்காலமானால் ஆனந்தவள்ளி டீச்சர் மொட்டைமாடிக்கு வந்து குற்றாலமலையை முறைப்பார். உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தால் தென்காசியே சந்தோஷப்பட்டு, அருவிக்குப் போகத் துண்டைத் தேடும். டீச்சர் சார்ஜரைத் தேடுவார். மேகம் இறங்கினால் நெட் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை.

தலை நரைக்கும்வரை அவர் தமிழ் நடத்திய தனியார் பள்ளி, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று போன வருஷம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இப்போது மிச்சம், செல்போனுக்குள் ஆறு பிள்ளைகள். அப்பா அம்மாவுக்கு ஊர் கடையநல்லூர், குடியிருப்பது துபாய். பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள். வாசிக்க வராது.

ஆன்லைன் வகுப்பு டீச்சருக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒருத்தன் கொட்டாவி விட்டால், பெஞ்சைத் தட்டுகிற பழக்கத்தில் திரையில் அவன் கட்டத்தைத் தட்டிவிடுவார். அவன் முகம் திரை முழுக்கப் பெரிதாகி எதிரே வந்து நிற்கும். டீச்சர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துகொள்வார். எல்லாரையும் மியூட்டில் போட்டுவிட்டு, "ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டக்கானே" என்று வருத்தப்பட்டதும் உண்டு.

அதைக்கூடச் சமாளித்துவிடலாம். மசூது என்ற பையனிடம்தான் நெட் மாட்டிக்கொள்ளும். "மசூது, நீ வாசி" என்றதும் பாதி வாய் திறந்தபடி போட்டோ மாதிரி நின்றுவிடுவான். அடுத்த பிள்ளையை வாசிக்கச் சொன்னதும் உயிர் வரும். எந்தப் பயலுக்கும் விஷயம் விளங்கிவிடும். டீச்சருக்கு விளங்கவில்லை. பிள்ளைகளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் தன்னைச் சந்தேகப்படுகிற ஆள். சிம்மை மாற்றினார். சிக்னலுக்காக, போனை மாடியறை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினார்.

"ஏட்டி, கருவாடா காயப் போடுத?" என்றார் கணவர் காந்திமதிநாதன்.

"உங்களுக்கென்ன. எனக்கு உள்ளதே இந்த ஒரு வகுப்பு."

பிள்ளைகளைச் சேர்த்துவிட்டதே மசூதின் அம்மா செய்யதலி பாத்திமாதான். அவரே போனில் வந்தார்: "டீச்சரம்மா, இவன் வாசிக்கப் போறப்பல்லாம் நெட்டு போயிருதுங்கான். கோளாறு உங்க பக்கந்தானாம். வெள்ளிக்கெழம நானும் என் போன்ல இருந்து பாக்கேன். சரிப்படலன்னா எல்லாருமா வேற ஆள் பாத்துக்கிடுதோம். தப்பா நெனச்சுக்கிடாதிய."

வெள்ளிக்கிழமை மலையே தெரியவில்லை. டீச்சர் மத்தியானமே சார்ஜரைச் செருகிவிட்டார்.

பாத்திமா சமையலறையிலிருந்து, கேமராவை அணைத்துவிட்டு வகுப்புக்குள் வந்தார். குக்கர் விசில் மட்டும் கேட்டது. டீச்சர் பள்ளிக்கூடப் பழக்கத்தில் சாக்பீஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மசூது, புஸ்தகத்த எடு. வாசிய்யா" என்றார்.

மசூது நின்றுவிட்டான்.

"பாத்தியளா, போச்சு" என்றது பாத்திமாவின் குரல்.

டீச்சர் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். மசூது அசையவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால், சோபாவில் ஒரு பூனை சாவகாசமாகக் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

அந்தப் பூனையைக் காட்டிக்கொடுத்தால் போதும், வகுப்பு பிழைத்துவிடும். பையனுக்கு முதுகுத்தோல் உரியும். சொல்லத்தான் டீச்சர் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு அப்படியே நின்றார். சாக்பீஸ் பிடித்த கை மேலே, கண் இமைக்காமல்.

"இப்ப டீச்சரும் போயாச்சு" என்றாள் ஒரு சிறுமி.

மசூதின் கண்கள் மெல்ல உருண்டன. "டீச்சர்? நெசமாவே போயிட்டியளா?" திரைக்கு அருகே வந்தான். "நான் சும்மா நடிச்சேன் டீச்சர். எனக்கு வாசிக்கத் தெரியலன்னா இவங்கல்லாம் சிரிப்பாங்க. அதான். வாங்க டீச்சர்."

டீச்சர் வரவில்லை.

அவன் புத்தகத்தை எடுத்தான். விரலை வைத்து, குனிந்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கத் தொடங்கினான். தடுக்கினான். திரும்பவும் முதலிலிருந்து வந்தான். யாரோ களுக்கென்றார்கள். பாத்திமாவின் இருட்டுக் கட்டத்தில் வெளிச்சம் வந்தது. அவர் உதட்டின்மேல் விரலை வைத்து மற்றப் பிள்ளைகளை அடக்கினார். குனிந்திருந்த மசூது அதைப் பார்க்கவில்லை.

ஜன்னல் வழியே சாரல் உள்ளே அடித்தது. டீச்சருக்குத் தோள்பட்டை கடுத்தது. அசைந்தால் பையன் நிறுத்திவிடுவான். அவன் இரண்டாவது வரிக்குப் போய்விட்டான். டீச்சர் கையை இறக்கவில்லை.