முதலில் பத்து தட்டுகிறவர்

மௌலா அலி அருகே நான் புதிதாகச் சேர்ந்த அலுவலகத்தில் எனக்கும் ஒரு சீனியருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். அவருக்குச் சாம்பல் நிற சஃபாரி சூட், நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி, செகந்திராபாத் தமிழ். எண்களைச் சாதாரண டெசிமல், பதினாறை அடிப்படையாகக் கொண்ட ஹெக்ஸ், 0, 1 மட்டுமே உள்ள பைனரி என்று மாற்றித் தரும் கால்குலேட்டர் புரோகிராமில் முதலில் 10 என்று தட்டுவார். பைனரியில் பத்துக்குரிய 1010 வந்தால்தான் வேலையைத் தொடங்குவார். என் மேல் சந்தேகம் என்றே நினைத்தேன்.

ஒரு நாள் குழந்தையைக் காய்ச்சலோடு காப்பகத்தில் விட்டிருந்தேன். ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், மறுநாள் காலை கொடுக்க வேண்டிய எண் பட்டியலைப் பைனரிக்கு மாற்றி முடித்தேன். அவர் வந்து 10 தட்டினார். 10000 என்று வந்தது. புரோகிராம் ஹெக்ஸில் இருந்திருக்கிறது. நான் தட்டிய பத்தையெல்லாம் பதினாறாக எடுத்திருக்கிறது. பட்டியல் முழுக்கத் தப்பு.

"மத்தியானம் நீங்கதானே சார் ஹெக்ஸுக்கு மாத்தி வச்சீங்க?"

"ஹவ், ஆமா, நான்தான். நீ ஏம்மா பாக்கல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "குழந்தைக்குக் காய்ச்சல் சார்."

"அப்ப கிளம்பு. பஸ் போயிடும்."

காலையில் பட்டியல் திருத்தப்பட்டு என் மேஜையில் இருந்தது. என்னைச் சோதிக்கத்தான் மாற்றி வைத்தாரோ என்ற எண்ணத்தோடே நன்றி சொன்னேன். தலையசைத்துவிட்டு மறுபடி 10 தட்டினார். முந்தின நாள் அவர் பட்டியலைத் திருத்திய பிறகு அந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொட்டிருக்கவில்லை.