எழுத்தைச் சுற்றிய கல்

பெயரைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அவருக்குப் போதாது. வந்தவர் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும். "எழுதினதை விடுங்க. வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க, அதைச் சொல்லுங்க" என்பார். அவர்கள் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டு, ஆட்காட்டி விரலால் தன் தொடையில் எழுதிப் பார்ப்பார். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று அந்த விரலுக்குத் தெரிந்த பிறகுதான் கல்லைத் தொடுவார். பெயரில் பிழை இருந்தால் செத்தவர் எழுந்து வந்து திருத்தப் போவதில்லை என்பது அவருடைய நியாயம்.

கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டுவது தொழில். ஊரில் வழங்கும் பெயர் சின்னப்புள்ளி. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில் அவர் காட்டும் பிடிவாதத்தால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. மற்றவர்கள் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விடுவார்கள். இவர் ஒவ்வொரு புள்ளிக்கும் குனிந்து, உளியைத் திருகித் திருகி, கடுகு மாதிரி உருட்டி எடுப்பார். "புள்ளி போச்சுன்னா மெய் போச்சு" என்பார். "ஊர்ல பெரும்புள்ளிங்க நிறைய பேர். சின்னப்புள்ளி நான் ஒருத்தன்தான்" என்று சொல்லிச் சிரிப்பதும் உண்டு. பெரும்புள்ளிகளும் கடைசியில் தன் கொட்டகைக்குத்தான் வந்தாக வேண்டும் என்பது அந்தச் சிரிப்பில் பாதி.

கொட்டகை பேருந்துப் பணிமனையின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. தகரக்கூரை. உள்ளே கறுப்புக் கற்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாகச் சாய்ந்து நிற்கும். புதுக்கல் வந்து இறங்கியதும் சுத்தியலால் லேசாகத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பார். கணீரென்றால் நல்ல கல். சொத்தென்றால் உள்ளே விரிசல். "நோய்க்கல். திருப்பி அனுப்பு" என்று லாரியில் வந்த மைத்துனரிடம் சொல்லிவிடுவார். மனைவியின் தம்பியான அந்த மைத்துனர்தான் கல் ஏற்றி இறக்குவதும், குழி தோண்டி நட்டுக் கொடுப்பதும். சாப்பாட்டு வேளையில் ஃபோனில் செய்தி வாசித்துக் காட்டுவதும் அவரே. ஒரு தேசத்தில் மணி அடிக்கக் கூடாதாம். இன்னொன்றில் பெண்கள் தலையை மூடக் கூடாதாம். அதற்கடுத்த தேசத்தில் மூடாமல் இருக்கக் கூடாதாம். சாமியே இல்லை என்று சொன்னதற்காக ஒருவனை எங்கோ உள்ளே போட்டிருக்கிறார்களாம். சின்னப்புள்ளி சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். "நமக்கு எதுக்கு மாப்ளே, கல்லுக்கு எல்லாரும் ஒண்ணுதான்" என்பார்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் அநேகமாக எல்லாக் கல்லறைகளின் தலையிலும் ஒரே வரிதான் இருக்கும். 'அருளாளன் அழைத்தான், வந்தேன்.' பணக்காரன், பரதேசி என்ற பேதமில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர் கை அந்த வரியை வெட்டிவிடும். பாலத்தடிக் கூடத்துக்காரர்களும் அதே வரியைத்தான் வைத்தார்கள். பாலத்துக்குக் கீழே ஒரு சிறிய கூடத்தில் வழிபடுகிறவர்கள் அவர்கள். சாமி ஒன்று, வேதம் ஒன்று, வாயில் வரும் வார்த்தையும் ஒன்று. எந்தக் காலத்திலோ வந்த ஒரு பெரியவரை இவர்கள் ஞானி என்றார்கள், மற்றவர்கள் இல்லை என்றார்கள். தகராறு அவ்வளவுதான்.

பிறகு உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாலத்தடிக் கூடத்தார் இந்த மதத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர், ஆகவே இந்த மதத்தின் சொற்களும் அவர்களுடையவை அல்ல. முதலில் கூடத்தின் பெயர்ப்பலகை இறங்கியது. அப்புறம் அவர்கள் தெருவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வணக்கம் குற்றமாயிற்று. ஒரு மளிகைக்கடைக்காரர் பழக்க தோஷத்தில் அதைச் சொல்லிவிட்டு ஜாமீனுக்கு அலைந்தார். உயிரோடிருப்பவர்கள் வாயை மூடிக்கொண்ட பிறகு, யாரோ ஒரு வழக்கறிஞருக்குச் செத்தவர்களின் ஞாபகம் வந்தது. கல்லறைகளில் அந்த வரி இன்னும் இருக்கிறதே என்று மனுப் போட்டார்; அதை அழிக்க உத்தரவும் வாங்கினார்.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு காலை நேரத்தில் கொட்டகைக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். போலீஸ் ஆட்களுக்குக் கல்வேலை தெரியாது, நகராட்சியில் உங்கள் பெயரைத்தான் சொன்னார்கள் என்றார். சின்னப்புள்ளி இடுப்பு வலி என்றார், கண் மங்கல் என்றார், கையில் முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார்:

"பெரியவரே, நீங்க வந்தா ஒரு வரி போகும். நீங்க வரலேன்னா சம்மட்டி வரும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அன்று முழுவதும் அவர் உளியைத் தொடவில்லை. சாயங்காலம் மனைவியிடம் சொன்னபோது, சம்மட்டியைவிட நான் போவது மேல்தானே, பெயராவது மிஞ்சுமே என்று அவளைக் கேட்பது போலத் தன்னையே கேட்டுக்கொண்டார். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க போகலேன்னா வேற எவனோ போவான். போனீங்கன்னா, நீங்கதான் போனீங்கன்னு ஆயிடும். ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க" என்றாள்.

போனார்.

காகிதத்தில் இருப்பதை ரப்பரால் அழிக்கலாம். கல்லில் வெட்டியதை அப்படி அழிக்க முடியாது. எழுத்து கல்லுக்குள் இறங்கியிருக்கும் ஆழம் வரைக்கும், அதைச் சுற்றியுள்ள கல்லைத்தான் தேய்த்துத் தள்ள வேண்டும். இதை அவர் சப்-இன்ஸ்பெக்டரிடம் விளக்கிப் பார்த்தார். பள்ளம் விழும், பளபளப்புப் போகும், பார்க்க அசிங்கமாயிருக்கும் என்றார். படிக்க முடியக் கூடாது, அவ்வளவுதான் உத்தரவு என்று பதில் வந்தது. கிரைண்டரை ஓட்டினார். கறுப்புக் கல்லில் வெள்ளைத் தூசி கிளம்பியது. ஒவ்வொரு கல்லின் நெற்றியிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பல் பள்ளம் விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், பள்ளத்தைப் பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் அந்த வரிதான் ஞாபகத்துக்கு வந்தது. முன்பெல்லாம் யாரும் அதைப் படித்ததுகூட இல்லை.

கூடத்துக்காரர்கள் சிலர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பின்னாளில் மைத்துனரிடம் சின்னப்புள்ளி சொல்லியிருக்கிறார். நர்ஸம்மா மட்டும் உள்ளே வந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்னப்புள்ளியின் மகள் தலை திரும்பாமல் பிறக்கத் தாமதித்தபோது, தாயையும் பிள்ளையையும் இரண்டாக்கிக் கொடுத்த கை அவருடையது. அவர் கணவர் பேருந்து ஓட்டியவர். அவருக்குக் கல் வெட்டியதும் சின்னப்புள்ளிதான். அந்தக் கல்லின் முன்னால் இவர் உட்கார்ந்தபோது, நர்ஸம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க வெட்டினதுதானே தம்பி. நீங்களே எடுங்க" என்றார்.

சின்னப்புள்ளி கிரைண்டர் சுவிட்சில் விரலை வைத்தபடி அப்படியே இருந்தார். நர்ஸம்மா சற்றுக் குனிந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் பேசும் குரலில் சொன்னார்:

"மூக்கைக் கட்டிக்கிட்டு வேலை பாருங்க. இந்தத் தூசி நெஞ்சுல தங்கிடும்."

அவர் தோள் துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டார். வேலை முடிந்ததும் நர்ஸம்மா தன் கைக்குட்டையால், கீழே மிஞ்சியிருந்த கணவர் பெயரின் மேல் படிந்த தூசியைத் துடைத்தார். கைக்குட்டையை உதறாமல், நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஊரில் சின்னப்புள்ளிக்கு மதிப்புக் கூடியது. டீக்கடையில் முன்பின் பேசாதவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். மனுப் போட்ட அந்த வழக்கறிஞர் ஒருநாள் காரை நிறுத்திக் கை குலுக்கினார். சின்னப்புள்ளி அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டதை மைத்துனர் பார்த்தார். பழைய சிரிப்பு நின்றுபோனது. கூடத்தைச் சேராத ஒரு மர வியாபாரியின் மகன், தன் அப்பா கல்லில் அந்த வரி ஆழமில்லாமல், கீறல் போல இருக்கிறது என்று சண்டைக்கு வந்தார். மழையில் நனைந்தால் தெரியவே இல்லையாம். மணிக்கட்டு வலி என்று சொல்லிச் சமாளித்து, இன்னொரு முறை வெட்டிக் கொடுத்தார். வலி இல்லை என்பது மனைவிக்குத் தெரியும். மற்ற எழுத்தெல்லாம் எப்போதும் போல் ஆழமாகத்தான் விழுந்தன. அந்த வரியில் மட்டும் சுத்தியல் இறங்க மாட்டேன் என்றது.

போன வருஷம் நர்ஸம்மா கொட்டகைக்கு வந்தார். மெலிந்திருந்தார். உட்காரச் சொல்லி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார் இவர். தனக்கு ஒரு கல் வேண்டும், கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார் நர்ஸம்மா. என்ன நோய், எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதையெல்லாம் வேறொருவர் கதை போலச் சொன்னார். வழக்கப்படி இவர் கண்ணை மூடி, பெயரைச் சொல்லச் சொன்னார். அவர் சொன்னார். தொடையில் விரல் எழுதியது. வருஷம் போட இடம் விடுங்கள், பெயருக்குக் கீழே நர்ஸ் என்று ஒரு சொல், அது போதும் என்றார்.

"மேல, அக்கா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது.

"மேல ஒண்ணும் வேண்டாம். வெட்டினா மறுபடி உங்களைத்தான் அனுப்புவாங்க. ஒரே வேலையை எதுக்கு ரெண்டு தடவை செய்யணும்?"

அதில் குத்தல் இருந்ததா என்று அவர் பல நாள் யோசித்தார். இல்லை என்றுதான் தோன்றியது. அதுதான் தாங்கவில்லை. அந்தக் கல்லை வெட்டும்போது அவர் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டார். நடுகிற கல்லில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும். அந்தப் பகுதியை யாரும் மெருகேற்றுவதில்லை, கரடாகவே விட்டுவிடுவார்கள். அங்கே அந்த வரியை வெட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனைவியிடம் கேட்டார். தெரிந்தால்? என்றாள் அவள். தெரிந்தால் சிறை. எவனாவது ஒருவன் கல்லைப் பிடுங்கிப் பார்த்தால் போதும்; ஊரில் இந்த எழுத்து யாருடையது என்று குழந்தைகூடச் சொல்லும். அவர் உளியை எடுப்பதும் வைப்பதுமாக ஒரு பகல் போயிற்று. மறுநாள் கதவைத் திறந்துவிட்டார். கரடுப் பகுதி கரடாகவே இருந்தது.

நர்ஸம்மா போய்ச் சேர்ந்ததும் வருஷத்தை வெட்டி முடித்தார். கூடத்துக்காரர்கள் கல் நடும்போது போலீஸ் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. கான்ஸ்டபிள் ஒருவர் வந்து, கல்லின் முகத்தைப் படித்துப் பார்த்துத் திருப்தியாகி, நிழலில் போய் நின்று ஃபோனில் பேச ஆரம்பித்தார். மைத்துனர் குழியைத் தோண்டிவிட்டு, மண் இறுகுவதற்கு ஊற்றத் தண்ணீர் எடுத்துவரப் போனார். கல் குழியோரம் மல்லாந்து கிடந்தது.

சின்னப்புள்ளி முழங்காலிட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு சாக்கட்டியை எடுத்தார். கரடுப் பகுதியில், அந்த மூன்று சொற்களையும் எழுதினார். வெறும் சாக்கட்டிதான். உளியும் சுத்தியலும் பக்கத்தில் பையில் இருந்தன. அவற்றை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

குடத்தோடு வந்த மைத்துனர் அதைப் பார்த்தார். கான்ஸ்டபிளையும் ஒரு பார்வை பார்த்தார். குடத்தைக் கீழே வைத்தார். இருவரும் சேர்ந்து கல்லைத் தூக்கி, எங்கும் உரசாமல் குழிக்குள் இறக்கினார்கள். மைத்துனர் மண்ணைத் தள்ளிவிட்டுக் குடத்தைச் சாய்க்கப் போனார்.

"தண்ணி வேண்டாம் மாப்ளே."

சின்னப்புள்ளி குடத்தை வாங்கித் தள்ளி வைத்தார். பிறகு காய்ந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, கட்டிகளை விரலால் நொறுக்கி, எழுத்தின் மேல் உரசாதபடி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட ஆரம்பித்தார்.