லூர்து மிசியே ஒட்டிய சட்டைகள்

லூர்து மிசியே இறந்த செய்தி, இரும்புக் குண்டு வீசி ஆடும் நம் பெத்தாங் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. "நம் மூத்த ஆட்டக்காரர் காலையில் காலமானார்" என்று செயலாளர் போட்டிருந்தார். அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். மாவு கரைத்த கையோடு நின்று படித்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சாயங்காலத்துக்குள் உப்பளம் முனையில் அவர் படத்தோடு ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை அஞ்சலிக் கூட்டத்தில் வாசிக்க நாலு நல்ல வார்த்தை வேண்டும் என்று என்னைக் கேட்டீர்கள். நல்லது, கேளுங்கள்.

நான் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் ஐயா என்பதற்குப் பதில் ஊருக்கே மிசியே; மனைவி போன பிறகு தனியாள். மகன் குடும்பம் பாரிஸில். பேத்தி க்ளேர் மட்டும் வருஷா வருஷம் வக்கான்ஸுக்கு, பள்ளி விடுமுறைக்கு, வருவாள். அந்த ஒரு மாதத்துக்காகத்தான் அவர் மற்ற மாதங்களைத் தள்ளினார். அவளுக்குத் தமிழ் பேசினால் புரியும், பேசவும் வரும், படிக்கத்தான் தெரியாது.

பன்னிரண்டு வயதில், வினைல் தாளில் எழுத்து வெட்டுகிற குட்டி மெஷின் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். மிசியே தன் பங்குக்கு ஒரு ஹீட் பிரஸ் வாங்கினார். வெட்டியதைத் துணிமேல் வைத்துச் சூடாக அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். முதலில் என் காய்கறிப் பையில் ஒரு கத்தரிக்காய் ஒட்டினார்கள். பார்க்க யானை மாதிரி இருந்தது. பிறகு அந்த வீட்டில் துணி என்று இருந்த எதுவும் தப்பவில்லை. "அவசரப்பட்டு எடுத்தா உரிஞ்சிக்கும், பொறு" என்று இருவரும் ஒருவரை ஒருவர் அதட்டிக்கொள்வது என் அடுப்படிவரை கேட்கும். மார்பில் உப்பளம் என்று நம் பேட்டைப் பெயரை ஒட்டி நம் குழுவுக்கே சட்டை செய்யலாம் என்றவள் க்ளேர்தான்.

தவறு நடந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். வினைலைக் கவிழ்த்து ஒட்ட வேண்டும். அதனால் கம்ப்யூட்டரில் எழுத்து இடம்வலம் மாறித்தான் இருக்க வேண்டும். க்ளேர் அப்படித்தான் வைத்திருந்தாள். மிசியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்னாம்மா இது, உப்பளம் திரும்பிக்கிட்டு நிக்குது? உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, நான் சொல்றேன், திருப்பு."

படித்தவர் சொல்கிறாரே என்று அவளும் திருப்பினாள். அவர் மத்தியானம் தூங்கி எழுவதற்குள் தானே எல்லாச் சட்டையையும் ஒட்டி மடித்து வைத்துவிட்டாள். எழுந்து வந்து, எல்லாச் சட்டையிலும் எழுத்து இடம்வலம் மாறி நிற்பதைப் பார்த்தவர் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் ஆட்டம், ஆட்டம் முடிந்து அந்த ராத்திரியே அவளுக்கு விமானம். வேறு சட்டை வாங்கி ஒட்ட நேரமில்லை. "நம்ம ஆளுங்கதானே, சிரிச்சிட்டுப் போட்டுக்குவாங்க" என்றார்.

சிரித்தீர்கள். போட்டுக்கொள்ளவில்லை. "தமிழ் தெரியாத புள்ளகிட்ட குடுத்தா இப்படித்தான், பிரான்சுல போயி வித்துக்கச் சொல்லு" என்று ஒருவர் சொல்ல, மைதானமே குலுங்கியது. பக்கத்தில் நின்ற க்ளேரின் தோளைப் பிடித்துக்கொண்டு மிசியே கத்தினார்: "தப்பு என்னுது! அவ சரியாத்தான் வெச்சிருந்தா, நான்தான் திருப்பச் சொன்னேன்." யார் காதிலும் ஏறவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அடுத்த வாரம் ஒருவர் அந்தச் சட்டையால் ஆட்டக் குண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதை மிசியேவும் பார்த்தார்.

க்ளேர் அடுத்த வருஷம் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. மகன் மட்டும் வந்து, "அவளுக்கு இங்க வரப் புடிக்கலப்பா" என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் மிசியே கதவைச் சாத்திக்கொண்டு அவளோடு போனில் பேசுவார். என்ன பேசினார் என்று எனக்கு அப்போது தெரியாது.

அடக்கத்துக்கு வந்தாள். இப்போது என் உயரம். நீங்கள் மாதா கோயில் வாசலில் வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேட்ஜுமாக நின்றீர்கள். ஒவ்வொருவர் மார்பையும் அவள் பார்த்துக்கொண்டே வந்ததை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். பிறகு என்னிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, நாங்க பண்ண சட்டைய யாரும் போடலையா? ஞாயித்துக்கிழமை எல்லாரும் அதத்தான் போட்டுக்கிட்டு ஆடுறாங்க, நீ வந்து பாருன்னு தாத்தா சொல்லிக்கிட்டே இருப்பாரே."

"சாவுக்கு வெள்ளைதாம்மா போடுவாங்க" என்றேன். "அது ஆட்டத்துக்கு."

அவள் முகம் தெளிந்தது. "அப்போ இந்த ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன்" என்றாள்.

மிசியேவின் மெடல்களை மகன் கொண்டுபோகட்டும். படத்தை நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள். பேத்தியை வரவழைக்க அந்த மனுஷன் வருஷக்கணக்காகச் சொன்ன பொய் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு காலை வரைக்கும்தான் அதை என்னால் காப்பாற்ற முடியும்.