பெரியகடைக்குப் பின்னால் ஓர் அச்சுக்கூடம்

அச்சுக்கூடத்துக்கு வருகிற எல்லாருக்கும் வேலை நேற்றே முடிந்திருக்க வேண்டும். என்ன அச்சடிப்பது என்பது மட்டும் நாளைக்குத்தான் தெரியவரும். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் யாழ்ப்பாணம் பெரியகடைச் சந்தைக்குப் பின்னால், காலால் மிதிக்கும் யந்திரம் ஒன்றை வைத்து நானும் பிழைத்தேன். பிழைத்தது மட்டுமல்ல, தலை நிமிர்ந்தும் நடந்தேன்.

கொம்பு வளைந்த மாடு

சண்டிலிப்பாய்ச் சுருட்டு முதலாளி ஒருவர் தம் வண்டி மாட்டின் படத்தைப் போட்டு லேபல் கேட்டார். தெற்கே சிங்கள ஊர்களில் அவருடைய சுருட்டை வாங்குகிறவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். மரக்கட்டையில் படம் வெட்டுகிற எங்கள் ஆசாரியார் அழகான மாடு ஒன்றை வெட்டித் தந்தார். முதலாளி அதில் அடித்த மாதிரித் தாளைப் பார்த்துவிட்டு, மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த கிழமை வண்டியோடு வந்து, மாட்டை அவிழ்த்து எங்கள் வாசலிலேயே கட்டினார். அதன் இடக் கொம்பு கண்ணுக்கு மேலே வளைந்து கிடந்தது. ஆசாரியார் தெருவில் சாக்கு விரித்து உட்கார்ந்து, மாட்டைப் பார்த்துப் பார்த்துப் புதிதாக வெட்டினார். சந்தைக்குப் போன சனம் பாதி அங்கே நின்றது. ஈரம் காயாத தாளை மாட்டின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்த முதலாளி சொன்னார்: "ஓம், இது அவன்தான். போன கிழமை நீங்கள் அடிச்சது வேறை ஆரின்ரையோ மாடு."

இங்ஙனம்

பருத்தித்துறையிலிருந்து ஓர் அம்மா மகளின் கலியாண அழைப்பிதழுக்காகத் தம் தமையனோடு வந்தார். அவர் கணவர் பாய்க்கப்பல் ஓட்டும் தண்டையல். பர்மாவுக்கு அரிசி ஏற்றப் போனவரைப் பற்றி மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. தமையன் என்னைத் தனியே அழைத்து, கணவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டுவிடும்படி மெல்லச் சொன்னார். இல்லாவிட்டால், தகப்பன் எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் கதைப்பார்கள் என்பது அவர் பயம். அம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. தமையனைப் பார்த்து, குரல் உயர்த்தாமல் சொன்னார்: "அண்ணை, அவர் கப்பலிலை போனவர். காலஞ்செல்லேல்லை."

தமையன் தலையைக் குனிந்துகொண்டார். அழைப்பவர் பெயர் வருகிற 'இங்ஙனம்' என்பதன் கீழே, கணவர் பெயரை என்னிடமிருந்த ஆகப் பெரிய ஈய எழுத்தில் கோத்தேன்.

கலியாணம் நடந்தது. சில கிழமை கழித்து, வெயிலில் கறுத்து மெலிந்த ஒருவர் அந்த அழைப்பிதழோடு உள்ளே வந்தார். புயலில் பாய்மரம் முறிந்து, கப்பல் எங்கேயோ கரை ஒதுங்கி, திருத்திக்கொண்டு வந்தார்களாம். அவர் தம் பெயரை விரலால் தடவிவிட்டுச் சொன்னார்: "நான் இல்லாமலே ஊரையெல்லாம் வடிவா அழைச்சிருக்கிறன்."

சாக்கு போட்டு மூடிய பக்கம்

கிராமச் சங்கத் தேர்தலில் மச்சான்மார் இருவர் எதிரெதிரே நின்றார்கள். ஒருவரின் நோட்டீசைக் கோத்து மேசையில் வைத்திருந்தபோது மற்றவர் வந்தார். தாமும் நோட்டீஸ் அடிக்க வந்ததாகவும், அதற்கு முன் மச்சான் என்ன எழுதியிருக்கிறான் என்று ஒருமுறை பார்க்க வேண்டும் என்றும் கேட்டார். நான் கோத்த பக்கத்தின் மேல் சாக்கைப் போட்டு மூடினேன். அவர் முகம் சிவந்து, பக்கத்துத் தெரு அச்சுக்கூடத்துக்குப் போவதாகச் சொன்னார். போகலாம் என்றேன். போயும் விட்டார்.

மறுநாள் காலை கடை திறக்க, அவர் வாசலில் நின்றார். தாம் எழுதிய நோட்டீசை என் கையில் தந்து சொன்னார்: "நேற்று நீர் அதைக் காட்டியிருந்தால், இண்டைக்கு என்ரையை இஞ்சை தந்திருக்கமாட்டன்."

அச்செழுத்தைத் தலைகீழாக வாசித்தே காலம் போக்கிய என்னைப் பற்றி ஊரார் நேராகச் சொன்ன நல்ல வார்த்தைகள் இவ்வளவுதான் என்பதால், இவற்றில் மட்டும் ஓர் எழுத்துப்பிழையும் வராமல் பார்த்துக்கொண்டேன்.